நான் இல்லாதப்போ என்ன மாறிச்சு?

காய்ச்சலில் கிடந்து எழுந்து வேலைக்குத் திரும்புகிறவர்கள் நேராகத் தங்கள் நாற்காலிக்குப் போவார்கள். உட்கார்ந்ததும் தங்கள் காய்ச்சலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். உலக வழக்கம் அதுதான், நானும் அப்படித்தான். எங்கள் தலைமை அலுவலகத்து மேடம் ஒருவர்தான் வேறு மாதிரி. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஒவ்வொரு மேசையாகப் போய் நிற்பார். "நான் இல்லாதப்போ என்ன மாறிச்சு?" என்று கேட்பார். கணக்குப் பிரிவிலும் கொள்முதலிலும் டெலிபோன் ஆபரேட்டரிடமும், ஏன், டீ கொண்டுவருகிறவரிடமும் அதே கேள்விதான். எல்லாரையும் கேட்டு முடித்த பிறகுதான் உட்காருவார். அதற்குள் யாராவது யோசனை கேட்டு வந்துவிட்டால், "பொறுங்க, நான் இன்னும் போன வாரத்துலதான் இருக்கேன்" என்பார்.

கேலி செய்ய ஆளா இல்லை? "மேடம், உங்க நாற்காலிய மணியாச்சிக்கு அனுப்பிட்டாவ" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருக்கே. சரி, வேற என்ன?" என்றார். கோபமே கிடையாது. அவரைக் கிண்டலடிப்பதில் இருந்த ஒரே கஷ்டம் அதுதான்.

எங்களுடையது நூற்பாலை. கோவில்பட்டியில் தலைமை அலுவலகம், விளாத்திகுளத்துக்கு வெளியே ஒரு யூனிட், மணியாச்சிப் பக்கம் இன்னொன்று. இரண்டாயிரம் பிறந்த புதிதில், கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளி மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் வைத்தார். கேட்டில் ஒரு பெட்டி மாட்டினார். கார்டைத் தேய்த்தால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். யாருக்குத் திறக்க வேண்டும், யாருக்குத் திறக்கக் கூடாது, யார் எந்த ஷிப்ட், யாருக்கு எந்தக் கம்ப்யூட்டர் என்பதெல்லாம் ஒரு பெயரடைவில் இருந்தது. நாங்கள் அதை டைரக்டரி என்போம். அதன் நகல் மூன்று ஊரிலும் ஒவ்வொரு சர்வரில் உட்கார்ந்திருக்கும். ஓரிடத்தில் ஒரு பெயரைச் சேர்த்தால் லைன் வழியாக மற்ற இரண்டு இடத்துக்கும் போய்ச் சேரும். நீக்கினாலும் அப்படியே. தலைமை அலுவலகத்தில் இருந்துகொண்டு இந்த மூன்றையும் ஒரே பேச்சாகப் பேச வைப்பது அவர் வேலை. விளாத்திகுளம் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

என்னைவிட இரண்டு வயது சின்னவர். "அண்ணே" என்பார். நான் ஆட்கள் முன்னால் "மேடம்" என்பேன், தனியாக இருந்தால் "ஏம்மா". எந்த ஊரில் பிறந்தார், எங்கே படித்தார் என்று எங்களில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. அவர் கேட்கிற ஆள். தன் கதை சொல்ல அவருக்கு நேரம் இருந்ததில்லை.

தினமும் காலையில் எனக்கு அவரிடமிருந்து போன் வரும். "அண்ணே, மணி என்ன காட்டுது?" என்பார். நான் சர்வரில் தெரிகிற மணியைச் சொல்வேன். "சரி, இங்கனயும் அதான்" என்று வைத்துவிடுவார். விஷயம் இதுதான்: ஒரே ஆளைப் பற்றி இரண்டு ஊரில் இரண்டு மாதிரி எழுதிவிட்டால், எது பிந்தியதோ அதுதான் நிற்கும். மணி தப்பினால் நேற்றைய செய்தி இன்றைய செய்தியை அடித்துவிடும். இதெல்லாம் எங்கள் வீட்டுக்குத் தெரியுமா? ஒரு லீவு நாளில் வீட்டு போனிலும் கூப்பிட்டுவிட்டார். என் மனைவி ரொம்ப அமைதியாகக் கேட்டாள்: "இதாரு, ஒங்ககிட்ட மட்டும் மணி கேக்கிறது? அவிய வீட்டுல கடிகாரம் இல்லையா?" நான் சர்வர், பெயரடைவு, மூன்று நகல் என்று விளக்க விளக்க அவள் முகம் இன்னும் அமைதியாகிக்கொண்டே போனது. கடைசியில் அவரையே ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுத்தான் அந்த வழக்கை முடித்தேன்.

அந்தச் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலிலேயே என்னை நிறுத்தினார். "அண்ணே, உள்ள போறதுக்கு முன்னாடி சொல்லுங்க. வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியாம இருக்கா? சொந்தத்துல எதுவும் ஆச்சா?" கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். பன்னீர் தெளிக்கிற இடத்திலேயே நின்று யாரையாவது பிடித்து, நாலைந்து வருஷத்துச் சேதியையும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "ஒருத்தர் ஒரு கல்யாணத்துல இன்னொருத்தர்கிட்ட 'வீட்டுல வரலையா?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. அந்தம்மா போய்ச் சேந்து ஆறு மாசம் ஆயிருந்துச்சு. பந்தியில இலை போட்டு உக்காந்திருந்த மனுசன் அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் பக்கத்து இலையில இருந்தேன்" என்றார். கேட்டவர் யார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் சர்வர் உலகத்திலும் அப்படி ஒன்று நடந்தது. ஒரு கோடையில் மணியாச்சி சர்வர் இடி விழுந்து செத்து, மதுரைக்கு ரிப்பேருக்குப் போய், மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. திரும்பி வந்த அன்று அவர் லீவு. கொண்டுவந்த மெக்கானிக் நல்ல மனசோடு தானே வயரைச் சொருகிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள், இடையில் மாரடைப்பில் இறந்துபோன எங்கள் வேன் டிரைவரின் பெயர் மூன்று ஊரிலும் திரும்ப வந்துவிட்டது. டெலிபோன் ஆபரேட்டர் தன் திரையில் அந்தப் பெயரையும் வீட்டு நம்பரையும் பார்த்துவிட்டு வேர்த்துப்போய் எழுந்துவிட்டாள்.

மறுநாள் எல்லாரும் அந்த மெக்கானிக்கை வைதார்கள். மெஷினையும் வைதார்கள். மேடம்தான் மெஷினுக்காகப் பேசினார். ஒரு பெயரை நீக்கினால், நீக்கிவிட்டோம் என்கிற குறி கொஞ்ச காலம் இருக்கும். விழுந்து கிடந்த சர்வர் அதற்குள் எழுந்து வந்தால் அந்தக் குறியைப் பார்த்துத் தானும் நீக்கிக்கொள்ளும். ரொம்ப நாள் கழித்து வந்தால் குறியும் அழிந்துபோயிருக்கும். தன்னிடம் இருக்கிற பழைய பெயரைப் புதுப் பெயர் என்று நினைத்து எல்லா ஊருக்கும் அனுப்பிவிடும். "அது என்ன செய்யும் பாவம்? அதுக்கு யாரும் துட்டி சொல்லி விடல. துட்டி போய்ச் சேராத சொந்தக்காரன், தன் வீட்டு விசேசத்துக்குப் பத்திரிகையத் தூக்கிக்கிட்டுச் செத்தவர் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டேதான் வருவான்" என்றார். துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவுச் சேதி. அதற்குப் பிறகு சர்வரைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் இந்தத் துட்டியைத்தான் சொல்கிறேன். உடனே விளங்கிவிடுகிறது.

இப்போது எங்கள் யூனிட்டின் கதைக்கு வருகிறேன். கரிசல் மண் கோடையில் கைவிட்டால் முழங்கை போகிற அளவு வெடிக்கும். மழை பெய்தால் உப்பிக்கொண்டு வெடிப்பெல்லாம் மூடும். மண் இப்படி மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் புதைத்த கேபிள் என்ன ஆகும்? விளாத்திகுளம் ஊரிலிருந்து எங்கள் மில் வரை வரும் கேபிள் ஓர் ஐப்பசி மழையில் இழுபட்டு எங்கேயோ அறுந்தது. லைன்மேன்கள் வந்தார்கள். மண்வெட்டியைப் போட்டால் மண்வெட்டி வரவில்லை, காலை வைத்தால் செருப்பு வரவில்லை. "காயட்டும் சார்" என்று போய்விட்டார்கள். போனும் போய்விட்டது, சர்வர்களுக்கு இடையில் இருந்த லைனும் போய்விட்டது. அவசரம் என்றால் நான் சைக்கிளில் பஜாருக்குப் போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவேன்.

எங்கள் சர்வர் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தலைமை அலுவலகமும் அது பாட்டுக்கு. வாரம் ஒருமுறை மாறிய பெயர்களை ஒரு சி.டி.யில் போட்டு வேனில் கொடுத்துவிடலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "எதுக்கு மேடம், வர்ற வாரம் லைன் வந்துரும்" என்றார் பர்சனல் மேனேஜர். ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் பொறுப்பு. அந்த வர்ற வாரம் தை மாதக் கடைசியில்தான் வந்தது.

லைன் ஒட்டிவிட்டது என்றதும் சின்ன முதலாளி சொன்னது நியாயமான யோசனைதான். விளாத்திகுளம் நகலை மொத்தமாக அழித்துவிட்டு, தலைமை அலுவலகத்து நகலை அப்படியே இறக்கிவிடலாம். சர்வரோடு வந்த புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. அரை நாள் வேலை. அவர் மட்டும், "அழிக்கிறதுக்கு முன்னாடி அதுகிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும் சார். இத்தன மாசம் அதுவும் சும்மா இருக்கலையே" என்றார். சின்ன முதலாளி சிரித்துவிட்டு ஒரு நாள் கொடுத்தார்.

மேடம் இரண்டு நகலையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார். எங்களிடம் மட்டும் இருந்து அங்கே இல்லாத பெயர்கள் நிறைய. அவற்றில் சிலர் நிஜமாகவே வேலையை விட்டுப் போனவர்கள், அவர்களை எடுத்துவிடலாம். சிலர் மழைக்காலத்தில் நான் புதிதாகச் சேர்த்தவர்கள், அவர்களை அங்கே ஏற்ற வேண்டும். எல்லாம் கழித்த பிறகு ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. மாரிச்செல்வி, நூல் சுற்றும் வைண்டிங் பிரிவு. ஐப்பசிக் கடைசியில் தலைமை அலுவலகத்தில் அவளை நீக்கியிருந்தார்கள். இங்கே கார்த்திகையில் நானே அவளைக் காலை ஷிப்டுக்கு மாற்றிப் போட்டிருந்தேன். நேற்றும் கார்டைத் தேய்த்து உள்ளே வந்திருக்கிறாள். கூலியும் யூனிட்டிலேயே கொடுத்துவிடுவதால் வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

"அண்ணே, இந்தப் பிள்ள இருக்குதா, நின்னுட்டுதா?"

"இருக்காம்மா. இப்ப மெஷின்ல நிக்கா."

"சரி, நான் வாரேன்" என்று போனை வைத்தவர், எட்டயபுரம் வழி பஸ்ஸில் மதியத்துக்கு முன்னால் வந்து இறங்கிவிட்டார். போனிலேயே முடிக்கலாமே என்றேன். "பர்சனல் மேனேஜர்கிட்ட விசாரிச்சுட்டுதான் வாரேன். அவ அப்பா நேர்ல வந்து, மக வேலைய விட்டு நின்னுக்கிடுதான்னு சொன்னாராம். பொம்பளப் பிள்ள நிக்கிறதுன்னா அப்பன் வந்து சொல்லுறதுதான வழக்கம்னாரு. எழுத்தும் இல்ல, அவ கையெழுத்தும் இல்ல. போன் இல்லாததால இங்கனயும் யாரும் சொல்லல" என்றார்.

ரெண்டு மணிக்கு ஷிப்ட் விட்டு வந்தவளைக் கேண்டீன் கொட்டகையில் உட்காரவைத்தோம். பத்தொன்பது இருபது வயது இருக்கும். தலையெல்லாம் பஞ்சு. ஆடு வளர்க்கிற குடும்பம், வேம்பார் ரோட்டில் ஒரு சின்ன ஊர்.

"ஏட்டி, நீ வேலைய விட்டு நின்னுட்டியா?" என்று அவர் நேராகக் கேட்டார்.

"இல்லையே மேடம். தெனம் வாரேனே."

"உங்கப்பா கோயில்பட்டிக்கு வந்து நீ நின்னுட்டன்னு சொல்லியிருக்காவ. அங்கன உன் பேர எடுத்து மூணு மாசமாச்சு."

அவளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாமன் மவனுக்குக் கட்டிவைக்கணும்னு நின்னாவ. நான் மாட்டேன்னுட்டேன். வேலை இல்லாட்டா பேசாம ஒத்துக்கிடுவான்னு போயிருப்பாவ. அதான் அப்பல்லாம் நான் காலையில கெளம்பும்போது ஒரு மாதிரியாப் பாத்துக்கிட்டே இருந்தாவளா!" சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப கேபிள் அறுந்து கெடந்ததுனாலதான் எனக்குக் கேட்டு தொறந்துச்சா?"

"ஆமா."

"இப்ப ஒட்டிட்டாவளே மேடம்?"

புத்தகம் சொன்னபடி செய்திருந்தால் மறுநாள் காலை ஆறு மணிக்கு அத்தனை பேர் முன்னால் இவள் கார்டைத் தேய்த்துக்கொண்டே நின்றிருப்பாள். விளக்கு எரியாது. ஏன் என்று சொல்ல அங்கே ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பாள். அப்பா நினைத்தது நடந்திருக்கும்.

"ஒட்டியாச்சு. இன்னைக்கு சாயங்காலம் ரெண்டையும் சேக்கப் போறேன். அதுக்கு முன்னாடி நீ சொல்லு. நிக்கப் போறியா, இருக்கப் போறியா? யாருக்கும் பயந்து சொல்லாத. எனக்காகவும் சொல்லாத."

"இருக்கேன் மேடம்."

"வீட்டுல போய் இதச் சொல்லுவியா?"

அவள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள். "சொல்லுதேன்" என்றாள்.

அன்று மதியத்துக்கு மேல் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். நான் பெயர்களைப் படிக்கப் படிக்க அவர் தலைமை அலுவலகத்து நகலில் ஏற்றினார். புதியவர்களை முதலில், மாரிச்செல்வியைக் கடைசியாக. காலை ஷிப்ட் என்றும் மறக்காமல் போட்டார். எங்கள் நகலை அழிக்கும் முன்னால் என் பக்கம் திரும்பி, "வேற ஒண்ணும் விட்டுப்போகலையே? நல்லா நெனச்சுப் பாருங்க" என்றார். நினைத்துப் பார்த்தேன். இல்லை என்றேன். பிறகு அழித்தார், புதிதாக இறக்கினார். பொழுது சாய்வதற்குள் மூன்று ஊரிலும் ஒரே பேச்சு. ராத்திரி எங்கள் வீட்டில்தான் தங்கினார். என் மனைவியும் அவரும் எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்தையும் ஒரு ஆள் விடாமல் அலசினார்கள்.

மறுநாள் காலை மாரிச்செல்வி கார்டைத் தேய்த்தாள். பச்சை எரிந்தது. எங்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கண் வீங்கியிருந்தது. வீட்டில் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது.

அலுவலகம் திறக்கிற நேரத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பர்சனல் மேனேஜர் போட்ட சத்தத்தில், ரிசீவர் மேடம் காதில் இருந்தாலும் எனக்கும் கேட்டது. மாரிச்செல்வியின் அப்பா முதல் பஸ்ஸைப் பிடித்து அங்கே வந்து நின்று சத்தம் போடுகிறாராம்.

"எடுத்த பேர மறுபடி சேத்திருக்கீங்க. யாரக் கேட்டுச் சேத்தீங்க?"

"அவளக் கேட்டு சார்."

"அவ அப்பா இங்கன நிக்காரு மேடம்!"

"அவிய நம்ம மில்லுல வேலை பாக்கலையே சார்" என்றார் அவர். குரலில் எந்த வேகமும் இல்லை. "எடுக்கணும்னா எடுங்க. நான் தடுக்கலை. ஆனா இங்கன வந்து, அவ மெஷின் முன்னால நின்னு, அவகிட்டச் சொல்லிட்டு எடுங்க. சின்ன முதலாளிகிட்டயும் நான் இதத்தான் சொல்லுவேன்."

அந்தப் பக்கம் கொஞ்சம் சலசலப்பு. ரிசீவர் கை மாறியது. மேடம் எனக்கும் கேட்கும்படி ரிசீவரைச் சாய்த்துப் பிடித்தார்; வயசான குரல் ஒன்று.

"எம்மா, நான் பெத்த மவ. நான் சொன்னாப் போதாதா?"

மேடத்தின் குரல் இப்போது இன்னும் தணிந்தது. "அண்ணாச்சி, நீங்க சொன்னதுக்கப்புறம் மூணு மாசம் அவ தெனம் காலையில கெளம்பி வேலைக்குப் போயிருக்கா. நீங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கீய. ஒரு நாளாவது அவகிட்ட என்னன்னு கேட்டீயளா?"

அந்தப் பக்கம் ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பவும் பர்சனல் மேனேஜர்தான் பேசினார். குரல் இறங்கியிருந்தது. "அவரு போயிட்டாரு மேடம். பேரு அப்படியே இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

மேடம் மதிய பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ரெண்டு மணிக்கு என்னோடு கேட்டருகே வந்து நின்றார். ஷிப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கருவேல மரத்தடியில், தோளில் துண்டோடு ஒரு பெரியவர் நின்றார். மாரிச்செல்வி அப்பாவைப் பார்த்ததும் நடை தளர்ந்து நின்றுவிட்டாள். கூட வந்த பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பெரியவர் ரோட்டைத் தாண்டி வந்தார். எனக்குத் திக்கென்றது. ஆனால் அவர் கை நீட்டி அவளுடைய தூக்குவாளியை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். இருவரும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

"போய் நீங்க ஒரு வார்த்த பேசுங்களேன்" என்றேன்.

"நான் என்னத்தப் பேச?" என்றார் அவர். "அவிய ரெண்டு பேரும் பேசட்டும்."

பேசினார்கள். ரொம்ப நேரம் பேசினார்கள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையிலும் மாரிச்செல்வி வந்தாள், கேட் திறந்தது.